என் மகள் தலையில் ஊற்றிய இரண்டாவது தண்ணீர்

ஃபாதர், என் மகளுக்கு நீங்கள் இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே கொடுத்தீர்கள். எனக்குச் சொல்லாமல் கொடுத்தீர்கள்.

இந்தத் தொடரில் இதுவரை பிரசவ வார்டுக் கதைகளாக எழுதி வந்தேன். படித்துச் சிரித்ததாக நிறையப் பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஃபாதரின் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னார். சரி, போடவில்லை. கோயமுத்தூரில் எந்தப் பங்குக் கோயில் என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

மூன்றாம் ஓலை

ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பது. எங்கள் புராட்டஸ்டன்ட் சபையிலும் அந்த வழக்கம் உண்டு.

என் மகள் எஸ்தருக்கு மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். முதல் இரண்டுக்குப் போகவில்லை. எங்கள் ஆராதனையும் அவர்கள் பூசையும் ஒரே நேரம். மூன்றாவதுக்காவது போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று போனேன்.

பெண்கள் பக்கம் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. சாம்பிராணிப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளாது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் தாளை எடுத்தார்.

"தாராபுரம் பங்கைச் சேர்ந்த ஆரோக்கியராஜுக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலம் சென்ற சாமுவேல் பழனிச்சாமி, கிரேஸ் தம்பதியரின் மகள் மரிய எஸ்தருக்கும்..."

மரிய எஸ்தர். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. சபையில் சேர்கிறவர்களுக்கு எண்ணெய் பூசி உறுதிபூசுதல் கொடுக்கும்போது புனிதர் பெயர் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார். ரோஸ் கலர் சேலை. நல்ல முகம்.

"ஏனுங்க, பொண்ணோட அம்மாங்களா?"

"ஆமாங்க."

"போன சனிக்கிழமை நீங்க வரலீங்களே. ஒடம்புக்கு முடியலீனு பாப்பா சொல்லுச்சு. திருமுழுக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. நான்தானுங்க ஞானத்தாய்."

ஞானஸ்நானத்தைத்தான் அவர்கள் திருமுழுக்கு என்பார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன சனிக்கிழமை நான் வீட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"என்ன முழுக்குங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "ஃபாதர்தாங்க வரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையைப் பைக்குள் போட்டு மூடினார்.

'தடை ஏதேனும் இருந்தால்' என்று ஃபாதர் மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்க வேண்டும் என்று கால் துடித்தது. எழுந்திருக்கவில்லை. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக டாக்டர்களுக்கு எதிரில் வாயை மூடிப் பழகியவள் நான். அந்தப் பழக்கம் கோயிலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

போண்டாவும் மாதாவும்

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று மற்ற மதத்து வாசகர்களுக்குத் தோன்றும். சொல்கிறேன்.

கொரோனா அடங்கி, கோயில்களில் மறுபடி கூட்டம் சேர்ந்த சமயம். ஜனவரியில் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வந்தது. இரண்டு கோயிலும் சேர்ந்து ஜெபம் பண்ணினோம். அந்த உற்சாகத்தில் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று முடிவானது. அவர்கள் பக்கம் ஐந்து பேர், எங்கள் பக்கம் ஐந்து பேர். எங்கள் ஐந்தில் நான் ஒருத்தி. இடம், அவர்கள் பங்கு மண்டபம். மாலை ஐந்து மணி, டீ, போண்டா.

ஒன்றிலும் ஒத்துப்போகவில்லை. மாதாவில் ஒரு மாதம் போனது. போப்பாண்டவரில் ஒரு மாதம் போனது. செத்தவர்களுக்காக ஜெபம் பண்ணலாமா என்பதில் இரண்டு மாதம் போனது. செத்தவன் கணக்கு செத்த அன்றே முடிந்தது என்பது எங்கள் பக்கம். இல்லை, மோட்சத்துக்கு முன்னால் பாவம் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாவுக்கு நம் ஜெபம் உதவும் என்பது அவர்கள் பக்கம். அவர்கள் பைபிளில் எங்களுக்கு இல்லாத ஏழு புத்தகங்கள் இருக்கின்றன. அதிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் புத்தகமே செல்லாது என்போம்.

அவர்கள் பக்கம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"எங்க கோயிலுக்கு வந்தா பூ இருக்குது, மெழுகுத்திரி இருக்குது, சொரூபம் இருக்குது. உங்க கோயிலுக்குள்ள வந்தா பேங்குக்குள்ள வந்தாப்புடி இருக்குதுங்க சிஸ்டர்" என்றார்.

"ஆமாங்க. ஆனா எங்க பேங்குல நேரா மேனேஜரைப் பார்க்கலாமுங்க. உங்க ஊட்ல பியூன்ல இருந்து ஆரம்பிக்கோணும்" என்றேன்.

இரண்டு பக்கமும் சிரித்தது. ஃபாதர்தான் அதிகம் சிரித்தார். அப்போது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. மறைக்கவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனோம். ஞானஸ்நானம். தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுத்தால் போதும். யார் கோயிலில் கொடுத்தாலும் அது ஒரே ஞானஸ்நானம். ஒருவர் கொடுத்ததை மற்றவர் மறுபடி கொடுப்பதில்லை. ஒரு பக்கத்தில் டைப் அடித்தோம். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம். ஃபாதர் அதை நின்றுகொண்டு வாசித்துக் காட்டினார். புதிதாக ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்துவிடவில்லை, இரண்டு சபையின் சட்டத்திலும் ஏற்கெனவே இருப்பதுதான் என்றும் சொன்னார். கைதட்டினோம்.

எஸ்தர் ஆரோக்கியராஜைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது நான் பயப்படாமல் இருந்ததற்கு அந்தத் தாள்தான் காரணம். ஆர்.சி.யில் சேர்கிறேன் என்றாள். உன் இஷ்டம் என்றேன். ஃபாதரிடம் நானே போய்ப் பேசினேன். "விசுவாசப் பிரமாணம் சொல்லட்டும், உறுதிபூசுதல், நற்கருணை வாங்கட்டும். ஞானஸ்நானத்தை நாங்க தொட மாட்டோமுங்க சிஸ்டர். நாமதானே கையெழுத்துப் போட்டோம்?" என்று அவர் வாயால் சொன்னார்.

தண்ணிக்குத் தெரியுமா?

இன்னும் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நர்ஸ் படிப்பு முடித்ததும் நான் வேலைக்குச் சேர்ந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில். பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலையாளத்து மதர். ஒரு மத்தியானம் ஏழு மாதத்துக் குழந்தை ஒன்று பிறந்தது. நீலம் பாய்ந்திருந்தது. தாய் தகப்பன் இருவரும் ஆர்.சி. கோயிலிலிருந்து சாமியார் வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விடும் என்று தெரிந்தது. தகப்பன் வாசலில் நின்று, எப்படியாவது ஞானஸ்நானம் கொடுங்கள் என்று அழுதான். மதருக்கு இரண்டு கையும் தாயிடம் வேலையாக இருந்தது. ரத்தப்போக்கு.

"கிரேஸ், நீ கொடுக்கு" என்றார்.

"நான் ஆர்.சி. இல்லீங்களே மதர்."

"தண்ணிக்கு அது தெரியுமா? ஊத்து!"

மருந்து கலக்கிக் கொடுக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்து மூன்று முறை ஊற்றினேன். நெற்றி என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. வார்த்தைகளைச் சொன்னேன். இருபது நிமிடம் இருந்தது குழந்தை.

மறுநாள் பங்குச் சாமியார் பதிவேட்டைக் கொண்டுவந்தார். கொடுத்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். நர்ஸ், புராட்டஸ்டன்ட் என்றும் எழுதினார். அவர் அழிக்கவும் இல்லை, மறுபடி கொடுக்கவும் இல்லை. அவசரத்தில் யார் கொடுத்தாலும் செல்லும், அதுதான் எங்கள் சபைச் சட்டம் என்றார். அந்த ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குள் இன்னும் சில குழந்தைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

புராட்டஸ்டன்ட் நர்ஸ் மருந்து டம்ளரில் ஊற்றினால் செல்லும். புராட்டஸ்டன்ட் போதகர் கோயிலில், சபைக்கு முன்னால், தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினால் சந்தேகம். இது என்ன சட்டம்?

கெபிக்கு முன்னால்

பூசை முடிந்து வெளியே வந்தேன். எஸ்தர், குகை மாதிரிக் கட்டிய மாதா கெபிக்குப் பக்கத்தில் தோழிகளோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு சொன்னா?"

"நீ சொல்லலியே கண்ணு. அதைச் சொல்லு மொதல்ல."

"சொன்னா நீ சண்டைக்கு வருவே."

வந்திருப்பேன். அது உண்மை.

மெதுவாக விஷயம் வந்தது. சம்பந்தியம்மாதான் ஃபாதரைக் கேட்டிருக்கிறார். தாராபுரத்துச் சொந்தமெல்லாம் நாளைக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள், எங்கள் கோயில் தண்ணீர் ஒரு தடவை பட்டுவிட்டால் வாயை அடைத்துவிடலாம் என்று. ஃபாதர் முதலில் மாட்டேன் என்றாராம். பிறகு, 'சந்தேகம் இருந்தால் கொடுக்கலாம்' என்று ஒரு வழி கண்டுபிடித்தாராம்.

"ஒரு நிமிசம் வேலைம்மா. கல்யாணம் நல்லபடியா நடக்கோணும்னுதான் சரீன்னேன்."

"உனக்கு என்ன சந்தேகம் இருந்துச்சு?"

"எனக்கு இல்லம்மா. ஃபாதருக்குத்தான். பழைய ஐயரு எப்படிக் குடுத்தாருன்னு சாட்சி இல்லைன்னாரு."

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்று கூப்பிடுவோம். எஸ்தருக்குக் கொடுத்த ஐயர் செத்துப் பல வருடம் ஆகிறது. நான் சாகவில்லை. அவளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவள் நான்.

நேராக ஃபாதர் அறைக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உட்காருங்க சிஸ்டர். கோவமா இருக்கீங்க."

"உட்கார வரலீங்க. மூணு தரம் தண்ணி ஊத்துனாரு. பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொன்னாரு. நான் பார்த்தேன், கேட்டேன். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே? என்ற நம்பர் உங்ககிட்ட இல்லீங்களா?"

"சபைச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்குதுங்க. 'முன்னாடி பெறலைன்னா' அப்படீன்னு நிபந்தனை போட்டுத்தான் குடுத்தேன். மொதல்ல வாங்குனது செல்லும்னா, இது வெறும் தண்ணி. அவ்வளவுதான்."

"சந்தேகம் இருந்தாத்தானுங்களே அந்தச் சட்டம்? சந்தேகம் உங்களுதா, சம்பந்தியம்மாவோடதா?"

அவர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஊருக்கும் கொஞ்சம் பார்க்கோணுமுங்க சிஸ்டர்" என்றார் கடைசியில்.

அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் என்று ஒன்று இல்லை. சந்தேகம் இருக்கிறதாக எழுதிக்கொண்டார்.

எங்கள் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை

ஆர்.சி.யை மட்டும் திட்டினால் எங்கள் சபையார் கைதட்டுவார்கள். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

எங்கள் புதுப் போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தத் தாளைக் காட்டி ஃபாதரோடு பேசுவார் என்று நினைத்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ரெண்டாவதை வாங்குனது மொதல்ல வாங்குனதை மறுதலிச்ச மாதிரிங்க. இனி உங்க மகளுக்கு இங்க திருவிருந்துல அப்பமும் ரசமும் கெடயாதுங்க. ஒரு ஆத்துமா போச்சுன்னு நெனச்சுக்கோங்க."

"போச்சுன்னா எங்க போச்சு? தாராபுரத்துக்குத்தானுங்க போகுது" என்றேன்.

அந்த ஒப்பந்தத்தில் இவரும் கையெழுத்துப் போட்டவர். ஃபாதரிடம் ஒரு தரம் போய்க் கேட்கச் சொன்னேன். போகவில்லை. 'அவர்கள் எப்போதுமே இப்படித்தான்' என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்த திருப்தி அவருக்கு. என் மகள் அவருக்கு ஒரு உதாரணம் ஆகிவிட்டாள். அடுத்த பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளைச் சொன்னார். நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. யாரும் வரவில்லை.

பழனிச்சாமி

கல்யாணம் வைகாசியில் தாராபுரத்தில் நடந்தது. போனேன். முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போனபோது நான் மட்டும் பெஞ்சிலேயே இருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவர்கள் சபை இல்லை. அது முறை.

இத்தோடு விட்டிருப்பேன். விட முடியாததற்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

பழனிச்சாமி உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பம். கால் முறிந்து எங்கள் வார்டுக்கு வந்தவர். என்னைக் கட்டிக்கொள்வதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை, பதிவுக் கல்யாணம் போதும் என்று நானே சொன்னேன். கேட்கவில்லை. ஆறு மாதம் வேதபாடம் படித்துவிட்டுத்தான் வாங்கினார். எஸ்தருக்குக் கொடுத்த அதே ஐயர். அதே தொட்டி. அதே வார்த்தை.

அன்றைக்கு அவருடைய பங்காளி ஒருவர் மட்டும் வந்திருந்தார். கோயிலுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"ஏனப்பா பழனி, தலையில தண்ணி ஊத்திக்கறதுக்கு உடுமலையில இருந்து இவ்வளவு தூரம் வரோணுமா? நம்ம கெணத்துலயே குதிச்சிருக்கலாமல்ல?"

"கெணத்துல குதிச்சா நனைவேன். அவ்வளவுதான்" என்றார் இவர்.

அதற்குப் பிறகு ஊர் நோம்பித் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அப்பா செத்ததற்குச் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கொள்ளி வைக்க விடவில்லை. மூத்த மகன். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அந்தத் தண்ணீருக்கு அவர் கொடுத்தது அதெல்லாம். எஸ்தர் காலேஜில் இருந்தபோது மாரடைப்பில் போனார். எங்கள் சபைக் கல்லறையில் கிடக்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எஸ்தர் தாராபுரத்திலிருந்து போன் செய்தாள். கல்லறைத் திருநாளுக்கு அப்பா பெயரில் ஒரு பூசை வைக்க அங்கிருக்கிற ஃபாதரைக் கேட்டாளாம். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் ஆசை, அவள் அப்பா. சரி என்றேன்.

"பேரு எழுதறப்ப ஃபாதர் கேட்டாரும்மா, அப்பா ஞானஸ்நானம் வாங்குனவரான்னு."

"ஆமான்னு சொல்ல வேண்டியதுதானே."

எஸ்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியலீன்னு சொல்லிப்போட்டேன்மா."

"என்ன தெரியலீ?"

"எனக்குக் குடுத்த ஐயருதானே அப்பாவுக்கும் குடுத்தாரு. என்னுது சந்தேகம்னா அப்பாவோடதும் சந்தேகந்தானே? எனக்கு மறுபடி ஊத்திக்க முடிஞ்சுது. அப்பாவுக்கு யாரும்மா ஊத்துவாங்க?"

இரண்டு வருடமாக இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உங்களிடம்கூட ஒரு முறை கேட்டாளாமே, ஃபாதர்? 'கடவுள் இரக்கமுள்ளவர் அம்மணி' என்று சொல்லி அனுப்பினீர்களாம். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் டாக்டர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கையை விரித்துவிட்டார் என்று அர்த்தம். அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது.

நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். நீ ஃபாதர் இல்லையே என்கிறாள். சந்தேகத்தைப் போட்டவர்தான் எடுக்க வேண்டுமாம். அதுவும் சரிதான்.

உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதுக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு, 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்று உங்கள் அலுவலகப் பையன் போனில் சொன்னான். நேரில் வர மாட்டேன். நேரில் நீங்கள் சொன்ன வார்த்தையின் கதியைப் பார்த்துவிட்டேன். உங்கள் அறைக்குள் வைத்து எனக்குச் சொல்கிற சமாதானம் என் மகளுக்கு உதவாது. சம்பந்தியம்மாவின் சொந்தக்காரர்களுக்கும் கேட்க வேண்டும். எங்கள் போதகருக்கும் கேட்க வேண்டும்.

உங்களை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. மாதாவையும் போப்பாண்டவரையும் விட்டுவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நாம் ஒத்துக்கொண்ட ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு எட்டு மணிப் பூசைக்கு எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் புருஷனும் வருகிறார். பிரசங்கம் முடிந்ததும் மைக்கை விட்டு நகராதீர்கள். சாமுவேல் பழனிச்சாமிக்கு எங்கள் ஐயர் கொடுத்தது ஞானஸ்நானமா, இல்லையா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.